தாழ்வாரத்தில் கட்டிய கம்பி

தம்பி,

கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகு ஒரு தகப்பன் மகனுக்கு எழுதினால் அது வாழ்த்தாக இருக்கவேண்டும். மண்டபம் சரியோ, மேளத்துக்குச் சொல்லியாச்சோ, சமையலுக்கு ஆர் என்றெல்லாம் கேட்கவேண்டும். அதெல்லாம் அம்மா உன்னோடு போனில் கதைத்துக்கொள்கிறா. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். போன் என் கைக்கு வந்தால் "சாப்பிட்டியோ" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. நீயும் "ஓம் அப்பா, நீங்கள்?" என்பாய். வெள்ளம் வந்துபோன நாளிலிருந்து நாங்கள் இருவரும் இப்படித்தான், ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கிற அந்நியர்கள் மாதிரிச் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் ஒரு பிரதி ஒட்டுகிறேன். ஸ்கந்தபுரத்தில் பெண் வீட்டாருக்கும் ஒன்று போகிறது. வவுனியாவில் நீ இருந்த ரேடியோச் சங்கத்துக்கும் ஒன்று போகிறது. உன்னைப் பற்றி நான் பொய் சொன்னது ஊருக்கு முன்னால். அதைத் திருத்துவதை மட்டும் மூலைக்குள் வைத்துச் செய்ய எனக்கு உரிமை இல்லை. வெள்ளத்தன்று ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடத் தெரியாமல் இருந்த பெடியன், பெருமாளின் கால் போனதற்குக் காரணமான பெடியன் என்றுதான் உன்னை இந்த ஊர் அறியும். அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சினக்காதே. மற்றவர்களும் வாசிக்கிறார்கள், அவர்களுக்கும் முதலிலிருந்து விளங்கவேண்டும்.

நீ ஹாம் ரேடியோச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, அரசாங்க லைசென்ஸ் எடுத்து, சங்கம் தந்த ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எனக்குப் பெருமைதான். மழை வெள்ளத்தில் போன் கோபுரங்கள் விழுந்தால் வெளியூருக்குச் செய்தி சொல்ல இந்தப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று சொல்லித்தான் அதைத் தந்தார்கள். நீ ஒரு கமுகங்குற்றியை நட்டு, அங்கிருந்து வளவுக்குக் குறுக்கே பனை வரைக்கும் உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டினாய். அந்தக் கிழமையே மோட்டார் சைக்கிளில், சிவில் உடுப்பில், புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. கம்பி எதற்கு, வீட்டில் எத்தனை பேர், அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நீ லைசென்ஸைக் காட்டினாய். அவ்வளவுதான் நடந்தது. பிறகு அவர்கள் வரவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து அகதி முகாமுக்குள் போகிற வழியில் என் பைக்குள் ஒரு சுருள் கம்பி இருந்தது. கிணற்று மோட்டருக்கென்று எடுத்துவைத்த கம்பி. அது குண்டுக்குக் கொண்டுபோகிற கம்பியோ என்று ஆமிக்காரர் ஒரு பகல் முழுக்க என்னை விசாரித்தார்கள். நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெய்யிலில் நின்றாய். அடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ என்று தெரியாமல் நீங்கள் இருவரும் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். நான் கம்பி கண்ட பூனை. இதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. பயம் எனக்கு. விலை கொடுத்தது நீயும் பெருமாளும்.

நீ வவுனியாவுக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்து நான் கமுகங்குற்றியைப் பிடுங்கினேன். கம்பியை வெட்டிக் கட்டையாக்கி, பின் தாழ்வாரத்தில் தகரத்துக்குக் கீழே, வெளியில் இருந்து பார்த்தால் தெரியாத மாதிரிக் கொழுவிவிட்டேன். அங்கிருந்து உன் அறைக்கு, கழித்துப்போட்ட பழைய ரீவி வயரை இழுத்தேன். நீ வந்து பார்த்துவிட்டு, "அப்பா, லைசென்ஸ் இருக்குத்தானே" என்றாய். லைசென்ஸ் உனக்கு விளங்கும், வாறவைக்கு விளங்குமோ என்று நான் கேட்டேன். நீ ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த ரியூனர் பெட்டியின் பொத்தானை அமத்தினாய். அது டிக் டிக் என்று சத்தம் போட்டு, கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு வெற்றி வந்த மாதிரி இருந்தது.

"பாத்தியோ, பெட்டியே ஓம் எண்டு சொல்லுது" என்றேன்.

"பெட்டி ரேடியோவைத்தான் சமாதானப்படுத்துது அப்பா. கம்பியை இல்லை" என்றாய்.

வாசிக்கிறவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லவேண்டும். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. பொருந்தாத கம்பியைக் கொழுவினால், அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். ரேடியோ பயந்து தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். இடையில் இந்த ரியூனரை வைத்தால், அது தனக்குள்ளே எதையெதையோ மாற்றிப் பார்த்து, எவ்வளவு மோசமான கம்பியையும் ரேடியோவுக்கு நல்ல கம்பியாகக் காட்டிவிடும். மீற்றர் முள் நல்ல இடத்தில் நிற்கும். ரேடியோ மனம் நிறைந்து முழுப் பலத்தையும் கொடுக்கும். ஆனால் கொடுத்தது எங்கே போகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. நான் இழுத்த பழைய வயர் அதில் பெரும்பங்கைச் சூடாக்கித் தின்றது. மிச்சத்தில் முக்கால்வாசியைத் தகரமும் ஈர நிலமும் தின்றன. வெளியே போனது ஏதோ கொஞ்சம். இது எனக்கு விளங்காமல் இல்லை, தம்பி. உழைத்த காலம் முழுக்க நான் நீர்ப்பாசனப் பகுதியில் துருசு, அதாவது குளத்து மதகு, திறந்து மூடினவன். துருசடியில் தண்ணி நிறையக் காட்டுது என்று ஆராவது சொன்னால், எனக்குத் துருசைக் காட்டாதை, வாய்க்கால் கடைசி வயலைக் காட்டு என்று ஏசினவன். உன்னுடைய பச்சை விளக்கு வெறும் துருசு என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும், எனக்கு வசதியாக இருந்தபடியால் அதை நம்பினேன்.

பிறகு மாரி வந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது, தெரு அறுந்தது, போன் செத்தது. பெருமாள் வீட்டுச் சுவர் இடிந்து அவருடைய காலுக்கு மேல் விழுந்தது. எங்கள் வளவு மேட்டு நிலம் என்றபடியால் நாலு பேர் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்து விறாந்தை வாங்கில் வளர்த்திவிட்டு, மற்ற வீடுகளைப் பார்க்கத் திரும்பி ஓடினார்கள். பெருமாள் மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம், எங்களுக்குப் பக்கத்து வயல்காரர், நீ நடை பழகினதே அவருடைய வரம்பில்தான். நீ பற்றரியைக் கொழுவி ரேடியோவுக்கு முன்னால் இருந்தாய். கண்டியிலிருந்து ஒருவர் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் நின்று கதைக்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஆராவது கதைக்க முடியுமா என்று கேட்டார். நீ உடனே ஊர்ப் பெயரைச் சொல்லி, ஒரு ஆளுக்குக் கால் நசிந்துவிட்டது, படகு வேண்டும் என்று சொன்னாய். சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டதும், அவர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார்.

அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் யுத்தத்திலும் காணவில்லை. ஒரு மனுசன் உன்னைத்தான் தேடிக் கூப்பிடுகிறார். நீ இருக்கிறேன், இருக்கிறேன் என்று கத்துகிறாய். அவருக்குக் கேட்கவில்லை. உன்னிடம் வந்து சேருகிற சத்தத்துக்கு என் தாழ்வாரக் கம்பி போதும், உன்னிடமிருந்து போகிற சத்தத்துக்குத்தான் போதாது. ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது. கடைசியில் நீ எழும்பி வந்து சொன்னாய்.

"அப்பா, என்ர குரல் அங்கால போகேல்லை. கம்பியை அவிட்டு நீட்டிப் பனையில கட்டுவம். ஏணி இருக்கு, நான் ஏறுறன்."

"மீற்றர் சரியாத்தானே காட்டுது. விடாமக் கூப்பிடு" என்றேன்.

மழைக்குள் மரம் ஏற ஏலாது, விழுந்து துலைப்பாய் என்றும் சொன்னேன். அது சாட்டு. இடி மின்னல் ஒன்றும் இல்லை, மழைகூடக் கொஞ்சம் விட்டிருந்தது. வெள்ளம் படலைக்குள் வந்த பிறகும், ஒரு மனுசன் விறாந்தையில் கிடந்து முனகிக்கொண்டிருந்தபோதும், எனக்குப் பயம் நாளைக்கு அந்தப் பனையில் கம்பியைப் பார்த்து ஆராவது விசாரிக்க வருவார்களே என்பதுதான். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பப் போய்க் கூப்பிடத் தொடங்கினாய். கூப்பிட்டுக்கூப்பிட்டு உன் தொண்டை கட்டிப்போனது. அடுத்த நாள், நாங்கள் கூப்பிடாமலே, தற்செயலாக ஒரு படகு வந்தது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னாராம்.

பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. வெள்ளத்துக்குப் பொறுப்பாக வந்த அதிகாரி, இந்த ஊரில் ரேடியோ இருந்தும் ஏன் செய்தி வரவில்லை, கண்டியில் ஒன்றும் கேட்கவில்லையாமே என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சனம் முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ எழும்ப முதல் நான் எழும்பினேன். "சின்னப் பெடியன்தானே ஐயா. அனுபவம் காணாது. பதட்டத்தில எதையோ பிழையா அமத்தியிருப்பான்" என்றேன். உன்னைக் காப்பாற்றுகிற தகப்பன் மாதிரி, சிரித்துக்கொண்டு சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய் என்று தெரியும். நான் உன் பக்கம் திரும்பவில்லை. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயைத் திறந்துவிட்டதே நான்தான். அந்தக் கிழமையே ரேடியோவைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோலார் பூட்டுகிற வேலை கிடைத்தது என்று வவுனியாவுக்குப் போனாய். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாய். அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

இனிச் சொல்வது உனக்கும் தெரியாதது. நீ போன பிறகு, என்ன நடந்தது என்று பார்க்கச் சங்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தா. கெட்டிக்காரி. உன்னுடைய ரேடியோவையும் அதே பெட்டியையும் கொண்டுவந்து, பனைக்குக் கம்பி கட்டிக் கூப்பிட்டா. முதல் தரம் கூப்பிட்டதுமே கண்டி பதில் சொன்னது. பிறகு அதைக் கழற்றி, என் தாழ்வாரக் கம்பியில் கொழுவினா. அதே பச்சை விளக்கு, மீற்றர் முள் அதே இடத்தில். கண்டிக்குக் கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளை கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, ரியூனர் சொன்னதை நம்பீட்டியள் போல. இதை இங்க கட்டினது ஆர்?" என்று கேட்டா. "பெடியன்தான்" என்று சொன்னேன். கூட்டத்தில் சொன்னதையாவது வாய் தடுக்கி வந்தது என்று சொல்லலாம். இது அப்படியில்லை, யோசித்துச் சொன்ன பொய். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு நெடுநாள் எனக்குச் சோறு போட்டாவே தவிர முகம் பார்க்கவில்லை.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், நீ குடும்பம் நடத்தப்போகிறவன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவா "சரி" என்று சொன்னதையெல்லாம் நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஆகவே எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். அந்தச் "சரி"க்குப் பின்னால் எவ்வளவு வெந்துகொண்டிருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ கேள். நீ கட்டப்போகிற பிள்ளை சரி என்று சொன்னாலும் ஒருமுறை கேள்.

போன கிழமை பெண்ணின் தாய்மாமன் ஊருக்கு வந்தார். மாப்பிள்ளையை ஊரில் விசாரிப்பது எங்கள் வழக்கம்தானே. கடையில் விசாரித்திருக்கிறார், கோயிலடியில் விசாரித்திருக்கிறார், எல்லா இடத்திலும் அந்த ரேடியோக் கதைதான் கிடைத்திருக்கிறது. கடைசியில் நேரே பெருமாளிடம் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைத் தொடாமல், "அண்ணை, குறை நினையாதேங்கோ. கால் போன மனுசனிட்டையே கேட்டனான். அவர் 'அத ஐயாகிட்ட கேளுங்க, அவரு சொல்லுவாரு' எண்டதுக்கு மேல வாய் திறக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

பெருமாள் அன்று கிடந்தது எங்கள் விறாந்தையில். உன் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. நீ கம்பியை மேலே கட்டுவோம் என்று கேட்டதும், நான் மாட்டேன் என்றதும் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். இந்த யோசனை எனக்கு இத்தனை நாளாக வரவில்லை பார். ஊரே உன்னைச் சொல்லும்போது, உண்மை தெரிந்த அந்த மனுசன் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் மாமனுக்குச் சொன்னேன், ஒன்றும் விடாமல் சொன்னேன். குற்றியைப் பிடுங்கினது, பனையில் கட்டவிடாதது, கூட்டத்தில் சொன்னது, சங்கத்துப் பிள்ளையிடம் சொன்னது எல்லாம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதா.

மாமன் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பெடியனில பிழை இல்லை, விளங்குது. ஆனா ஒண்டு அண்ணை. தகப்பன்ர மானத்துக்காக இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். நாளைக்கு நீங்கள் என்ர மருமகளை ஒண்டு சொன்னாலும், அப்பாதானே எண்டு வாயை மூடிக்கொண்டுதானே நிப்பான்?"

அவர் எழும்பும்போது, கலியாணத்தை நிற்பாட்டச் சொல்ல வரவில்லை, பிள்ளையும் இதைத்தான் கேட்பாள், அவளுக்குப் பெடியன்தான் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான கேள்வி, தம்பி. அதை நானும் யோசித்துப் பார்த்தேன். நீ பேசாமல் இருந்ததை நான் இவ்வளவு நாளும் உன்னுடைய நல்ல குணம் என்று எடுத்து, அதற்குப் பின்னால் சுகமாக ஒளிந்திருந்தேன். உன்னை அப்படி வளர்த்ததும் நான்தான். பெரியாட்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று எத்தனை முறை உன் தலையில் குட்டியிருப்பேன்.

அன்று பின்னேரமே பெருமாளிடம் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரோடு சாய்ந்திருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்துகொண்டும் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். "தம்பி அழுதுகிட்டே கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சுங்க ஐயா. நா சொல்லியிருந்தா ஊருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். நீங்க சொன்னாத்தான் தம்பிக்கு மனசு ஆறும்" என்றார். உங்கட காலுக்கு நான் என்ன சொல்லுவன் பெருமாள் என்று கேட்டேன். அவர் கச்சானை உடைத்துக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டு வாங்க முயற்சிக்கவில்லை. இருட்டுப்படும் வரைக்கும் பக்கத்தில் இருந்து நானும் உடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஊரார் அறியட்டும். என் மகன் அன்று சரியாகத்தான் கூப்பிட்டான். அவன் கையில் பிழை இல்லை, அவன் படிப்பில் பிழை இல்லை. கம்பியை ஒளித்ததும், உயர்த்தவிடாமல் தடுத்ததும், பழியை அவன் தலையில் போட்டதும் நான்.

உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று போனில் சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவன், அதுதான் எனக்குப் பயம். லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. மாமனை வரச்சொல்கிறேன், நீ கட்டப்போகிற பிள்ளையும் வரட்டும், பெருமாளை நான் கூட்டிவருகிறேன். எல்லாரும் விறாந்தையில் இருக்கட்டும். அவர்களுக்கு முன்னால் என்னை ஏசு. அப்பா, நீங்கள் செய்தது பிழை என்று, மெல்ல இல்லை, உரத்துச் சொல். உன் மனதில் இவ்வளவு காலமும் கிடந்ததையெல்லாம் கொட்டு. நான் குறுக்கே ஒரு சொல்லுச் சொல்லமாட்டேன், அம்மாவையும் சொல்லவிடமாட்டேன். தேவையானபோது தகப்பனுக்கும் எதிரில் நின்று கதைப்பான் இவன் என்று அந்தப் பிள்ளை தன் காதால் கேட்கட்டும்.

முதலில் என்னை ஏசு. பிறகு தாலியைக் கட்டு.

அப்பா